ஐந்து மீட்டருக்கு ஒரு பை

கேத்தியில் விடியுமுன்பே
கேரட் கழுவும் இயந்திரம் உருளத் தொடங்கிவிடும்.
ஆறு மணிக்கு லாரி. ஒன்பதுக்குள் மேட்டுப்பாளையம் மண்டி.
இரும்பு உருளைக்குள் மூட்டையைக் கவிழ்த்து
போஜன் குழாயைத் திருப்புகிறான்.
மண் கழன்று சிவப்பாய் ஓடைக்கு இறங்குகிறது.
வெளியே விழுகிறது
கூசும் அளவுக்குப் பளபளப்பான ஒரு காய்.

நான் விடுப்பில் வந்தவள்.
பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் மலை.
காரைக்காலுக்குக் கிழக்கே, துளைமேடையில்
என் வேலையும் ஏறக்குறைய இதுதான்:
அடியிலிருந்து சேற்றோடு ஏறிவரும் கல்துகளைச்
சல்லடையில் அள்ளி, அலசி,
உருப்பெருக்கியில் பார்த்து, துணிப்பையில் கட்டி
ஆழம் எழுதுவது.
ஐந்து மீட்டருக்கு ஒரு பை.

"அங்கயும் கழுவுறதுதானா?" என்றான் போஜன்.
"கழுவினப்புறம் அதை யாரு வாங்குவா?"
எனக்குப் பதில் வரவில்லை.

துளைப்பான் கடைசியில் நடந்ததைத்தான் முதலில் சொல்லும்.
மேலே சாம்பல் களி, பல்லில் வைத்தால் வெண்ணெய்.
(களியா வண்டலா என்று கடித்துத்தான் பார்ப்போம்.
இருதயராஜ் தொட்டுக்கொள்ள மிளகாய்த்தூள் கேட்பார்.)
அப்புறம் சிப்பி நொறுங்கிய சுண்ணாம்பு.
அதற்கும் கீழே கறுத்த களி, நாற்றத்தோடு:
கடல் வருவதற்கு முன் அங்கே கிடந்த ஏரி
மூச்சுமுட்டிப் போன இடம்.
இன்னும் கீழே
முனை மழுங்காத மணல்.
நிலம் கிழிந்தபோது விளிம்பிலிருந்து விழுந்தது,
உருள நேரம் கிடைக்காதது.

கிழிந்தது என்றால் ஒரே நாளில் அல்ல.
நகம் வளரும் வேகத்தில் ஒரு கண்டம் விலகிப் போயிற்று.
பள்ளம் அமிழ, மண் வந்து நிரப்ப,
அந்தப் பாரத்தில் இன்னும் அமிழ,
இன்னும் மண்.
அப்படியே சில கிலோமீட்டர்.

மூவாயிரத்து நூற்றிருபதில் ஒருமுறை
ஊசிமுனை அளவு கார்னெட்,
மாதுளை முத்தின் நிறம்.
குன்னூர்ச் சாலைக்கு வெட்டிய பாறையில் இதே சிவப்பு உண்டு.
எங்க ஊரா நீ என்று வாய்விட்டே கேட்டேன்.
அறிக்கையில் அதற்கு இடமில்லை.
"கார்னெட், அரிதாக."

எழுதியதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன்.
ஒரு பின்னிரவில், தூக்கம் சொக்க,
அடுத்தடுத்த இரண்டு பைகளில் ஆழத்தை மாற்றி எழுதிவிட்டேன்.
ஐந்து மீட்டர். ஒரு லட்சம் வருடம் இருக்கும்.
தனக்குப் பின்னால் வந்த லட்சத்தின் மேல்
ஏறிப் படுத்துக்கொண்டது.
யாரும் கேட்கவில்லை.
ஏதோ ஒரு கிடங்கில் இன்னும் அப்படியே படுத்திருக்கும்.

"இந்தத் தண்ணி உங்க கடலுக்குத்தானே வருது?"
குழாயை மூடாமல் கேட்டான்.
காட்டேரி ஓடை, பவானி என்று விரல் மடக்கி வந்தவள்
மூன்றாம் விரலில் நின்றேன்.
பவானிசாகர்.
"மண்ணு பெரும்பாலும் அணையில தங்கிடும்."
"அப்ப உங்ககிட்ட வராதா?"
"அணை இருக்கிறவரைக்கும் வராது."
"அது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

எனக்குப் பழகிய கணக்கில்
இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது.
ஒரு பையின் மூலைக்குக்கூட வராத காலம்.
வாயெடுத்தபோது
சத்தியமங்கலத்தில், ஆற்றை ஒட்டி,
கடன் வாங்கி வீடு கட்டும் என் தங்கை
நினைவில் வந்து நின்றாள்.
கான்கிரீட் போட்ட படத்தை நேற்றுதான் அனுப்பியிருந்தாள்.

"அது இருக்கும்" என்றேன்.

லாரி மேலே வளைவில் ஹாரன் அடித்தது.
போஜன் அடுத்த மூட்டையின் சணலை அறுத்தான்.
உருளையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் திணித்தான்.
கடித்தேன்.
பல்லிடுக்கில் நறநறத்தது.

வண்டல். களி இல்லை.