முதலில் கவனித்த தேதி

லாபிஸ் கிளப் மண்டபத்தில்
ஒரே ஒரு காற்றாடி மட்டும் சுற்றிய சனிக்கிழமை.
பதினோரு சூப்பர்வைசர்கள், மூன்று மண்டோர்கள்,
ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம்.
கோலாலம்பூரிலிருந்து வந்த குணவதி
வெள்ளைப் பலகையில் எழுதினார்:
குடித்திருக்கிறான் என்று எழுதாதே.
கண்டதை எழுது.

நடை. கேட்ட கேள்விக்குப் பதில் வரும் நேரம்.
சட்டைப் பித்தான் மாறியிருந்தால் அதுவும்.
இருமல் மருந்தாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம்,
கைக்குழந்தை வீட்டில் மூன்று இரவு தூங்காதவனாக இருக்கலாம்.
நீ டாக்டர் இல்லை.
வண்டியிலிருந்து இறக்கு, சாட்சிக்கு ஒருவரைக் கூப்பிடு,
சாவியை வாங்கு.
தனியாக வீட்டுக்கு அனுப்பாதே.

பிறகு நடிக்கச் சொன்னார்.
ஒரு சொட்டும் தொடாத பட்டறை மண்டோர் நூருல் அமின்
நாற்காலியில் முட்டி, தூணுக்கு சலாம் வைத்து,
தரையோடு சண்டை போட்டார்.
மண்டபமே சிரித்தது. நானும்தான்.
சவரிநாதன் அப்படியெல்லாம் ஆடியதே இல்லை.

அவனுடையது சுத்தமான தடுமாற்றம்.
சம்பளத்துக்கு மறுநாள்
தலை வாரி, பவுடர் பூசி,
இஞ்சி மிட்டாயைக் கன்னத்தில் அதக்கி
அரைமணி முன்னதாகவே வந்துவிடுவான்.
செம்பனைக் குலைகளை அள்ளும் ஷவலை
கிண்ணத்துப் பாலைத் தூக்குவதுபோல் தூக்குவான்.
அந்த மெதுவில்தான் தெரியும்.
மூன்று வருடமாய் எனக்குத் தெரியும்.
'உடம்பு சரியில்லை' என்று புத்தகத்தில் எழுதி
கொதிகலன் பக்கம் பெருக்க அனுப்பிவிடுவேன்.
இதற்கு உதவி என்று பெயர் வைத்திருந்தேன்.
ஒருதரம் கேஜ் ஒன்றின் விளிம்பு நசுங்கியபோது
லாரிக்கார ஆ செங் பேரில் எழுதினேன்.
அவர் இருநூறு வெள்ளி கட்டினார்.

எட்டாம் தேதி, செவ்வாய்.
பெரட்டு முடிந்து சங்கு ஊதியது.
ஷவல் படியில் இரண்டு தரம் கால் வைத்தான்,
இரண்டு தரமும் படி அங்கே இல்லை.
"சவரி, இறங்கு."
"ஏன்?"
பலகையில் இருந்த வாசகமெல்லாம் மறந்துபோய்
"இறங்குப்பா" என்றேன்.
நூருல் அமின் சாட்சிக்கு வந்து நின்றார்,
தன் நடிப்புக்கு மன்னிப்புக் கேட்பவர்போல்
தரையைப் பார்த்துக்கொண்டு.

படிவத்தைப் பிரித்தேன்.
படியில் கால் தவறியது, இரண்டு முறை.
பெயர் கேட்டதற்குத் தன் அப்பா பெயரைச் சொன்னது.
கடைசிக் கட்டம்:
இதை முதலில் கவனித்த தேதி.

எட்டிப் பார்த்தவன் கேட்டான்,
மூன்று வருடத்தில் அவ்வளவு தெளிவாக அவன் பேசியதில்லை:
"ஒனக்கு அப்பவே தெரியும்ல, அமலா?
அப்பல்லாம் ஏன் இறங்கச் சொல்லல?"

"சனிக்கிழமதான் சொல்லிக் குடுத்தாங்க" என்றேன்.
சொன்னதும்
இஞ்சி மிட்டாய் வாசம்
என் வாயிலிருந்தே வருவதுபோல் இருந்தது.

என் காடியில் அழைத்துப் போனேன்.
ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் போய் முடியும்வரை
பெட்டிகளை எண்ணினான்,
பதினேழில் தவறவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து.
"வேல போயிடுமா?"
"தெரியல. மொதல்ல கவுன்சலிங்னு ஒண்ணு இருக்காம்."
"தமிழ்ல பேசுவாங்களா?"
அதைக் கேட்டு வைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கதவைத் திறந்த ரெஜினா
மோட்டார் எங்கே என்று கேட்கவில்லை.
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்,
யாருக்கென்று சொல்லாமல்.

ஆலைக்குத் திரும்பி
கடைசிக் கட்டத்தை நிரப்பினேன்.
தேதி நினைவில்லை, அதனால் இப்படி:
'ஒன்பதாம் எண் கேஜ் நசுங்கியதற்கும் முன்பு.
நசுக்கியது ஆ செங் இல்லை.'
கட்டம் போதாமல்
எழுத்து ஓரமாய் இறங்கி இறங்கி
என் கையெழுத்தின் மேலேயே போய் நின்றது.