மூன்று கிண்ணம்

வாத்து வெந்துவிட்டது.
தோலின் மொறுமொறுப்பு
இன்னும் பத்து நிமிடம் தாங்கும்.

பெங்களூரில் வாங்கிய சீன சாஸ்
அத்திப்பள்ளி வேகத்தடையில் உடைந்து
ஹேமாவதியின் சம்பளச் சீட்டைக் குடித்துவிட்டது.

கிருஷ்ணகிரியில் இந்நேரத்துக்கு
வேறென்ன?
ஆலையில் பாதி விலைக்குத் தந்த
நெளிந்த டப்பா மாங்கூழ்.
இனிக்க மட்டுமே தெரியும் அதற்கு.
புளியும் வெல்லமும் காய்ச்சினேன்.
நிறம் ஏமாற்றியது,
மணம் புளிக்குழம்பைக் காட்டிக்கொடுத்தது.
மூன்றாவதில் இரண்டையும் கலந்து
பூண்டு தட்டிப் போட்டேன்,
துணிச்சலில் கொஞ்சம் சோம்பும்.

அவள் மெல்லிய ரொட்டியை விரித்தாள்.
வெள்ளரி, வெங்காயத்தாள், கறி.
கிண்ணங்களைப் பார்த்தாள்,
எழுந்துபோனாள்,
காயப்போட்ட சம்பளச் சீட்டோடு வந்து
பிடித்தம் என்றிருந்த மூலையை
நக்கினாள்.

கண்ணை மூடியபடியே சொன்னாள்:
"ரெண்டாவதுல
இன்னும் கொஞ்சம் உப்பு."