ஒரு மிடறு காற்று

டாக்டர் வித்கோவ்ஸ்கா என் தொண்டையைத்
தலைகீழாக வரைந்தார்,
எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு
நேராகத் தெரியட்டும் என்று.
மருந்துச் சீட்டின் முதுகில், நீலப் பேனாவில்.
முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல்,
இரண்டுக்கும் ஒரே வாசல்.
வாசலில் இலை மாதிரி ஒரு மூடி:
விழுங்கினால் கவியும், விழுங்கி முடித்தால் நிமிரும்.
அறுபத்தோரு வருடம்
ஒரு நாள் லீவு கேட்காத காவலாளி.

அதற்கு மேலே லாடம் போல ஓர் எலும்பு.
உடம்பின் வேறெந்த எலும்பையும்
அது தொடுவதில்லையாம்,
தசைகளில் தொங்குகிறதாம்.
இது எனக்கு உடனே புரிந்தது.
க்தீனியா கப்பல் தளத்தில்
இருபத்தெட்டு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று
"இறக்கு, இறக்கு, நிறுத்து, இன்னும் ஒரு சாண்" என்று
கத்திக் கூலி வாங்கியவன் நான்.

நரம்பு ஒன்றுதான் உறுத்தியது.
மூளையிலிருந்து குரலுக்கு வர வேண்டியது
இடப்பக்கம் குரல்வளையைக் கடந்து
நெஞ்சுக்குள் இறங்கி
இதயத்தின் பெருங்குழாயை ஒரு வளைப்பு வளைத்து
மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது.
எங்கள் தளத்தில் இப்படிக் கேபிள் இழுத்தவனை
மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றேன்.
டாக்டர் சிரித்தார்.
என் சொந்தக் குரலில் நான் சிரிக்கவைத்த
கடைசி ஆள் அவர்தான்.

பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள்.
மூடி, லாடம், கேடயம், மோதிரம்,
நடுவே அடைகாத்த இரண்டு நாண்களும்.
காலரெலும்புக்கு மேலே ஒரு துளை.
மூச்சுக்கு ஒரு வழி, சூப்புக்கு ஒரு வழி,
பாகப்பிரிவினை முடிந்தது.
இனி உங்களுக்குப் புரையேறவே ஏறாது என்று
வரம் கொடுப்பதுபோல் சொன்னாள் நர்ஸ்.
சூப்பை ஊதி ஆற்ற முடியாது என்பதை
அவள் சொல்லவில்லை.
அதை வீட்டுக்கு வந்து
சிவந்த பீட்ரூட் கிண்ணத்தின்மேல் குனிந்து
உதட்டைக் குவித்தபோது
தெரிந்துகொண்டேன்.
ஊதினேன்.
சட்டைப் பொத்தான்தான் குளிர்ந்தது.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பாள் ஃபெலிட்சியா,
யார் யாரென்று பெயர் சொல்லிப் பார்ப்பாள்,
நின்ற பெயர்தான் குற்றவாளி.
இப்போதும் வருகிறது.
வயிறு குலுங்குகிறது, தோள் தூக்கிப் போடுகிறது,
ஒலிக்க வேண்டிய கதவு இல்லாததால்
சத்தமில்லை.
நார்வேயிலிருந்து மகன் நினைத்தாலும்
அவளுக்குத் தெரியப்போவதில்லை.

வியாழக்கிழமை வகுப்பு. இரண்டாம் மாடி.
டிராலிபஸ் ஓட்டிய ஸ்டெஃபானியா,
கணக்கு வாத்தியார் லுத்விக், நான்.
காற்றை ஒரு மிடறு விழுங்க வேண்டும்,
வயிற்றுக்குப் போகவிடாமல் பாதியில் மடக்கி
மேலே தள்ள வேண்டும்.
அதாவது, ஏப்பம்.
இதற்காகத்தான் அம்மா
விருந்தாளிகள் முன்னால் என் பின்மண்டையில் தட்டினாள்.
இங்கே கைதட்டுகிறார்கள்.

க, ட, ப எளிது, அவை தாமே காற்றை உள்ளே தள்ளும்.
ஃபெலிட்சியா வரவில்லை.
முதல் எழுத்து வெறும் காற்று,
அடுத்தது வழுக்கி ஓடுகிறது.
மூன்று வாரம் முயன்று விட்டுவிட்டேன்.

அட்டையில் இருந்த எளிய சொற்களில் ஒன்று பூனை.
கோட்.
செல்லமாகக் கூப்பிட்டால் கோட்கு.
கல்யாணமான புதிதில் அவளை அப்படித்தான் அழைத்தேன்,
எண்பத்தாறில் எப்போதோ நின்றுபோனது,
காரணம் இருவருக்கும் நினைவில்லை.

நேற்று அவள் எனக்கு முதுகு காட்டி
சோயிக்கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.
வாசனை எனக்கு எட்டாது, கத்தியின் சத்தம் மட்டும்.
ஒரு மிடறு விழுங்கி,
"கோட்கு" என்றேன்.

"அப்படி என்னத்தைத் தின்றாய்?" என்றாள்
திரும்பாமலே.

பிறகு கத்தி நின்றது.

நான் அடுத்த மிடறுக்கு
வாயைத் திறந்தேன்.