பதினேழாம் எண்

கரையை அகலப்படுத்த
மரங்களுக்கு எண் போடுகிறார்கள்.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு நாள்கூலி.

மேலக்காலுக்குக் கீழே வைகைக் கரையில்
பதினேழாம் எண், மருது.
பயன் என்ற கட்டத்தில்
விறகு என்று எழுதினார் சார்.

கிழக்கே ஒரு சாண் பட்டை உரிந்திருக்கிறது,
சோணைமுத்துவின் நெஞ்சுவலிக்கு.
அது மூடி வரும்வரை
யாரும் அங்கே கத்தி வைக்க மாட்டோம்.
அதற்கும் மேலே, வெள்ளம் நின்ற உயரத்தில், ஒரு லாடம்.
ஈரச்சேலை மாற்றுவது இந்த வேர்மறைவில்தான்;
அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று மீட்டர் தாண்டினால்
மதுரையில் கையெழுத்து வாங்க வேண்டுமாம்,
மாதக்கணக்காகும்.

"இழுத்துப் பிடிம்மா."
இழுத்துத்தான் பிடித்தேன்.
மூன்று மீட்டர், ஒரு சென்டி.

டேப்புக்கும் மரத்துக்கும் நடுவே
நசுங்கிக்கொண்டிருந்தது
என் கட்டைவிரல்.