பதினொரு பச்சை

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
களத்திலேயே காயட்டும் என்று திருப்பியனுப்புகிறவள்.
வலங்கைமானில் என்னைப் பிடிக்காதவர்கள் அதிகம்.

மூட்டைக் கணக்கு முடிந்தபின்
அதே எக்செலில் கட்டங்களைச் சதுரமாக்குவேன்.
ஒரு கட்டம், ஒரு பெருக்கல் குறி, ஒரு தையல்.
குடமுருட்டிக்கரை வயல் ஒன்று,
இடமிருந்து வலமாக நான்கு மாதம்.
விலை தொண்ணூறு ரூபாய்.
இதுவரை விற்றது ஏழு.
எட்டாவது, தம்பி வேறு பெயரில் வாங்கியது;
கண்டுபிடித்துவிட்டேன்.

ஓசூரிலிருந்து சுபைதா கேட்டாள்:
ஒரு வயலுக்கு எதற்குப் பதினொரு பச்சை?
நூல் செலவே முந்நூறு ஆகிறது,
நான்காகக் குறையுங்களேன்.

எதை எடுக்க?
நாற்றங்காலின் மஞ்சள் ஏறிய பச்சையையா,
நட்ட மூன்றாம் நாள் சோர்ந்து வெளுப்பதையா,
யூரியா விழுந்ததும் கறுப்பதையா,
கதிர் வெளிவருமுன்
தாள் தடித்து நிற்குமே, அதையா?
இரண்டு இரவு உட்கார்ந்தும்
ஏழுக்குக் கீழே இறங்கவில்லை.
மன்னிப்போடு அனுப்பினேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் படம் வந்தது.
ஏழையும் தைத்திருக்கிறாள்.
கூடவே, வீட்டில் மிச்சம் கிடந்த நீலத்தை
வரப்போரம் நான்கைந்து இடத்தில்.
தண்ணீர் நிற்க வேண்டாமா என்று
கீழே ஒரு வரி.

பதினொரு பச்சை எண்ணியவள்,
பாய்ச்ச மறந்திருக்கிறேன்.

கோப்பைத் திறந்து சேர்த்தேன்:
நீலம், இருபத்தாறு கட்டம்.

காலையில் கலியமூர்த்தியின் நெல்
பதினேழரை காட்டியது.
கருவியைத் துடைத்து
இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டேன்.