ஏழு, இல்லை, ஆறு

ஆகஸ்ட் இரவு. வோலோஸில் காற்று செத்துக் கிடக்கிறது.
பால்கனிக் கதவுகள் எல்லாம் திறந்தபடி,
தெரு முழுக்க ஒரே நாடகம்:
இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷப் பழைய துயரம்,
கல் அரங்கிலிருந்து நேரலை.

கெட்ட கனவு கண்டு
எங்கள் வீட்டு ராணி முதலில் அலறுகிறாள்.
ஒரு நொடி கழித்து மாடியில், கலியோப்பியின் ராணி.
அதற்கும் பிறகு எதிர்வீட்டில்,
டிஷ் வழியாக வானம் போய்த் திரும்பிய ராணி.
மூன்றாம் முறை கேட்கும்போது
பொய் இருந்தால் தெரிந்துவிடும்.

ஆர்கிரிஸ் மதிப்பெண் போடுகிறான்,
மின்கட்டண ரசீதின் முதுகில்.
முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்காது.
ராஜாவுக்கு எட்டரை. "என்ன குரல்!"
நாலு, என்றேன்.
பெற்ற மகனைக் கடலுக்கு விரட்டுகிறவன்
இத்தனை அழகாக மூச்சு விடமாட்டான்.

எனக்கு நாடகம் தெரியாது.
இருபத்தாறு வருஷம் நூற்று அறுபத்தாறில் இருந்தேன்,
காதில் ஹெட்போன், எதிரே ஊர் வரைபடம்.
ஒரு முகத்தையும் பார்த்ததில்லை.
ஒருத்தி, கணவன் தரையில் கிடக்க,
அடுப்பில் பயறு வேகிறது, அணைக்கலாமா என்று
என்னிடம் அனுமதி கேட்டாள்.
ஒருவர் பழைய வீட்டு முகவரியைச் சொன்னார்,
பதினோரு வருஷம் முன்பு காலி செய்த வீடு.
வண்டி அங்கே போய் நின்றது.
பொய் அழைப்பை மூன்றாவது சொல்லில்
கண்டுபிடிப்பவள் என்று எனக்குப் பெயர்.

இந்தப் பழைய நாடகங்களில் சாவு மேடைக்கு வராது.
எங்கோ வெளியே நடந்து முடிந்திருக்கும்.
தூதன் ஓடிவந்து சொல்வான்.
அவனை எனக்குத் தெரியும்.
ஒரு ஷிப்டுக்கு நாற்பது தூதர்கள் வருவார்கள்.

தர்பூசணி நறுக்கச் சமையலறைக்குப் போனேன்,
படமில்லாமல் கேட்கலாம் என்றுதான்.
இளம் குரல்.
நுரை, பாறை, உடைந்த துடுப்பு
எல்லாம் வரிசை தப்பாமல்,
கப்பலோடு சேர்ந்து இலக்கணம் முழுகவில்லை.
மனசுக்குள் இறக்கிக்கொண்டே வந்தேன்: ஐந்து, நாலு,

"கரையில் ஒதுங்கிய உடல்கள் ஏழு..."
எச்சில் விழுங்கும் சத்தம்.
"இல்லை. ஆறு."

கத்தியோடு ஓடினேன்.
ராணி தலையைத் தூக்கியிருந்தாள்.
அவள் அங்கே குனிந்துதான் இருக்க வேண்டும்;
ஆர்கிரிஸுக்கு வரிகள் மனப்பாடம், ஏழு என்பதே கிடையாதாம்.
கேமரா அவளைத் தேடித் தடுமாறிக் கண்டுபிடித்தது:
ஏழில் ஒன்று குறைந்தால்
அது என் பிள்ளையாக இருக்கக் கூடாதா என்று
கணக்குப் போடும் முகம்.
அடுப்பை அணைக்கலாமா என்று கேட்டவளுக்கு
முகம் இருந்திருந்தால் அதுதான்.

"பையன் வரியை விட்டுட்டான். மூணு."
"பத்து."
"நேரலையில தப்பு, தப்புதான்."
"பத்து."
தர்பூசணிச் சாறு ரசீதில் ஊறி
ராஜாவின் எட்டரை கலைந்தது.
அதற்கு நான் பொறுப்பில்லை.

ஞாயிறு மறுஒளிபரப்பு.
ஆர்கிரிஸ் படகுத்துறைக்குப் போயிருந்தான்.
அந்த இடத்துக்காகவே உட்கார்ந்திருந்தேன்.

அதே ஏழு.
அதே விழுங்கல்.
அதே ஆறு.
ராணி அதே உயரத்துக்குத் தலை தூக்கினாள்.

பதிவு அப்படித்தான் இருக்கும், தெரியும்.
இருந்தாலும் விழுங்கலுக்கு முன்னால் இருந்த இடைவெளி
இன்று கொஞ்சம் அளந்து வெட்டியதுபோல் இருந்தது.
ஒத்திகை பார்த்ததா?
பார்த்திருந்தால் அந்தப் பையனுக்குப் பத்து போதாது,
எனக்குத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு நொடி தாமதமாக
மாடியிலிருந்து வருவதைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று
காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

கலியோப்பி அன்று
சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.