ஜல்லிக் குவியல்

ஸ்தோத்திரப் பண்டிகையில்
சாட்சி சொல்ல என் பெயரைக் கொடுத்துவிட்டாள் கிருபாவதி,
என்னைக் கேட்காமலே.
மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் வராது, ஆண்டவரே.
அதனால் இங்கேயே
வண்டியை ஓரம்கட்டி
உம்மிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

அன்றைக்குப் பதினெட்டு மூட்டை மிளகு,
வாழவந்தியில் ஏற்றியது, லீ பஜாருக்கு.
மழை விட்டு அரைமணி இருக்கும்.
பதினாலாவது கொண்டை ஊசியில் பிரேக்கை மிதித்தேன்.
கால் போய்க்கொண்டே இருந்தது,
கிணற்றுக்குள் நழுவவிட்ட கயிறு மாதிரி.

கிளீனர் பையன் செம்மலை
"அண்ணே" என்றான்.
அந்த ஒரு சொல்லை
என் காதுக்குள் அவன் இன்னும் முடிக்கவில்லை.

உம் நாமத்தைக் கூப்பிட்டேனாம்,
தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் கிருபாவதி.
கூப்பிடவில்லை.
நான் கத்தியது என்னவென்று உமக்குத் தெரியும்.
கோயிலில் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல.
அதையும் ஜெபம் என்றே
எழுதிக்கொண்டீரோ என்னவோ.

பதிமூன்றில் சுவர் கிடையாது.
உடைந்து ஒரு வருஷம்.
கட்டுகிறோம் கட்டுகிறோம் என்று
ஜல்லியைக் கொட்டிவிட்டு
மறந்துபோயிருந்தது நெடுஞ்சாலைத் துறை.
அந்த மறதியில் போய் முட்டி
மூக்குப் புதைந்து
நின்றது வண்டி.

கண்ணாடிக்கு நேரே சேலம்.
விளக்குப் போடும் நேரம்.
ஒரு மூட்டை கிழிந்து
மிளகு உருண்டு உருண்டு
பள்ளத்தில் சொரியும் சத்தம்
ரொம்ப நேரம் கேட்டது.
செம்மலை சிரித்தான்.
பிறகு வாந்தியெடுத்தான்.

மறுவாரம் விசாரித்துக்கொண்டு
கொண்டலாம்பட்டி போனேன்.
காண்ட்ராக்டர் மாதையன்
கதவைப் பாதி திறந்து,
"போன வேலைக்கே பில்லு பாஸாகலீங்க,
நாளைக்கே அள்ளிடறேனுங்க" என்றார்.
நன்றி சொல்ல வந்தேன் என்றதும்
இன்னும் பயந்துவிட்டார்.
அப்புறம் உள்ளே உட்காரவைத்து
முருகன் படத்துக்கடியில் மோர் கொடுத்தார்,
இஞ்சி தட்டிப்போட்ட மோர்.
பில்லை நிறுத்தி வைத்தது உம்முடைய கை என்று
அவரிடம் எப்படிச் சொல்ல?
நாலு லட்சம் நிற்கிறது அவருக்கு.

இதுவரைக்கும் சொல்லிவிடுவேன், ஆண்டவரே.
சிரிப்பார்கள், அல்லேலூயா என்பார்கள்.
இதற்கு மேல்தான் நாக்கு எழவில்லை.

அந்தச் சுவரை உடைத்தது
நாகலூர் ஜெயசீலன் வண்டி.
என்னைவிட நல்ல டிரைவர்.
பாடகர் குழுவில் தாழ்ந்த குரல் அவனுடையது.
அவன் விழுந்ததால் கொட்டினார்கள் ஜல்லியை.
அவனுக்குக் கீழே ஒரு கூடை மண்கூட இல்லை.
பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில்
அவன் மனைவி எமிலியாள் இருப்பாள்.
காப்பாற்றினீர் என்று
அவள் முகத்தைப் பார்த்து
நான் எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் நடந்தது இதுதான்.
அன்று இரவு
நான் சேற்றோடு வீடு வந்து
பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தபோது
முதலில் கதவைத் தட்டினவள் எமிலியாள்.
முந்தானையில் நாலு முட்டை.
வாசல்படியிலேயே முழங்காலிட்டு
எனக்காக உமக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்,
நான் சொல்வதற்கு முன்னால்,
குரல் உடையாமல்.
அவித்துக் கொடு அவருக்கு, என்று
கிருபாவதியிடம் முட்டையை நீட்டிவிட்டுப் போனாள்.

உம் இரக்கம் எப்படியிருக்கும் என்று
யாராவது கேட்டால்
ஜல்லிக் குவியலைக் காட்ட மாட்டேன்.

விடிந்தால் பண்டிகை.
ஒரு மூட்டை மிளகு காணிக்கை எடுத்துவைத்திருக்கிறேன்.
ஏலத்தில் நல்ல விலை போகட்டும்.
எமிலியாளின் மூத்தவன் லைசென்ஸ் எடுக்கிறானாம்,
அவன் காலுக்கடியில் பிரேக்காக இரும்.
இன்னொன்று, ஆண்டவரே,
கேட்க வெட்கமாக இருக்கிறது.
மாதையனின் பில்லை
இனிமேல் விட்டுவிடும்.